வெண்டைக்காயும் அம்மாவின் இரத்தப் பரிசோதனையும்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மாவுக்குச் சென்ற ஆண்டு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுதி என்று தெரிந்தது. உடல் எடையும் கூடுதல். அன்றே அவர்கள் முட்டையை விட்டார்கள். காலைப் பலகாரத்தையும் விட்டார்கள். ஆனால் மதியம் எல்லோரும் உண்ட பிறகு, பானையில் மிஞ்சிய சோற்றையும் தம்பி தட்டில் வைத்துவிட்டுப் போனதையும் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்கள். காய் அதற்குள் தீர்ந்திருக்கும். மூன்று மாதம் கழித்தும் எண் இறங்கவில்லை. பட்டினி கிடந்தும் ஏன் இறங்கவில்லை? விடை தேடியபோது நாங்கள் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உயிரணுக்களுக்கும் பித்தநீருக்கும் அது தேவை. பெரும்பகுதியை நம் கல்லீரலே உண்டாக்குகிறது. அதை இரத்தத்தில் சுமந்து செல்லும் எல்.டி.எல். மிகுந்தால் இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து இதயத்தைக் கெடுக்கும். எச்.டி.எல். மிச்சத்தைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும். பெண்களுக்கு இது 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. ஐம்பது வயதை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எல்.டி.எல். ஏறுகிறது. நம் அம்மாக்கள் பலரும் அந்த வயதை நெருங்குகிறவர்களே.

கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 2003இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கொலஸ்ட்ரால் மிகுந்த 46 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். அவர்களில் 21 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள். தீய கொழுப்பை மட்டும் குறைத்து உண்டவர்களுக்கு ஒரு மாதத்தில் எல்.டி.எல். 8 சதவீதம் இறங்கியது. அதே உணவுடன் மாத்திரையும் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். மூன்றாம் பிரிவினருக்கு மாத்திரை இல்லை. ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் சேர்த்த மார்கரின், இவற்றோடு வெண்டைக்காய், கத்திரிக்காய்! அவர்களுக்கு ஏறக்குறைய 29 சதவீதம் இறங்கியது. எங்களில் பாதிப்பேர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் அதே காய்கள்தாம். வெண்டைக்காய் தனியாகச் செய்த வேலை அன்று. எல்லாம் சேர்ந்து செய்தது.

எப்படிச் செய்கிறது? வெண்டைக்காயின் வழவழப்பு கரையும் நார்ச்சத்து. பித்தநீர் கொலஸ்ட்ராலிலிருந்து உண்டாவது. குடலில் வேலை முடிந்ததும் அது கல்லீரலுக்குத் திரும்பிவிடும். இந்த வழவழப்பு அதில் ஒரு பங்கைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. புதிதாகப் பித்தநீர் செய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. அதை உள்ளே வாங்கும் வாயில்களைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பட்டினியின் பிழை இப்போது புரிகிறது. முட்டை போனது, கொலஸ்ட்ராலைப் பிடித்து வெளியேற்றும் காய் வரவில்லை. அளவுக்கு மீறிய சோற்றையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக்குகிறது. அதனால் எடையும் ஏறுகிறது, எச்.டி.எல்.லும் குறைகிறது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இந்தக் கொழுப்பு நன்றாக இறங்கும். எண்ணெய்ப் புட்டியில் 'கொலஸ்ட்ரால் அற்றது' என்றிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதில்லை என்றே சொல்லலாம். ஆனால் தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம், எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைகொழுப்பு.

டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தோழி வீட்டில் இப்போது அம்மாவும் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முதலில் அவர்கள் தட்டில் காய் வைத்த பிறகே மற்றவர்களுக்கு. கொள்ளும் சுண்டலும் அடிக்கடி உண்டு. தம்பி மீதி வைத்தால் அவனே மாலையில் அதைத் தின்ன வேண்டும். அடுத்த பரிசோதனை தை மாதத்தில்.