மலைப்பனியும் காரின் விசிறியும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்களின் நடுவே அமைந்த ஊர் சக்குபள்ளம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு வழிகளாக நாள்தோறும் தமிழ்த் தொழிலாளர்கள் ஜீப்புகளில் இம்மலைப்பகுதிக்கு ஏறி வருகின்றனர். அங்கேயே குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களும் பல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இச்சாலைகளில் மேகம் இறங்கிப் பாதையை மறைத்துவிடும். வெளிப்பனி போதாதென்று, வண்டிக்குள் இருப்போரின் மூச்சிலுள்ள ஈரமும் குளிர்ந்த முன்கண்ணாடியில் பட்டு நீர்த்திவலையாகப் படியும். அதை நீக்குவது ஹீட்டர் விசிறி அனுப்பும் வெதுவெதுப்பான காற்றே. ஆதலின் இவ்விசிறி நின்றால் ஓட்டுபவரின் பார்வையே மறைகிறது. சிம்லாவிலோ டில்லியிலோ வாழும் அன்பர்களுக்கும் குளிர்காலத்தில் இதே நிலைதான்.

பெரும்பாலான கார்களில் குளிர்சாதனத்துக்கும் ஹீட்டருக்கும் விசிறி ஒன்றே. காற்று வருகிறது, ஆயினும் சூடில்லை என்றால் குற்றம் விசிறியினுடையதன்று. ரேடியேட்டர் நீர் குறைந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம். எஞ்சின் சூடாயிருக்கும்பொழுது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது.

காற்றே வராவிடில், விலையுயர்ந்த மோட்டாரை மாற்றுமுன் எளியவற்றிலிருந்து தொடங்கிச் சோதிக்க வேண்டும். முதலில் விசிறி எந்த வேகத்தில் இயங்குகிறது என்று பாருங்கள். மிக உயர்ந்த வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் நின்றுவிட்டால், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். திருகு குமிழ் உள்ள பழைய வகைக் கார்களில் உச்ச வேகத்துக்குச் செல்லும் மின்சாரம் ரெசிஸ்டரின் வழியே செல்வதில்லை. அதனால்தான் அந்த வேகம் மட்டும் பிழைக்கிறது. புதிய ரெசிஸ்டரைப் பொருத்துகையில் அதன் இணைப்பியும் கருகியுள்ளதா என்று நோக்குக. கருகிய இணைப்பியில் புதிய பாகமும் நெடுநாள் தாங்காது.

எந்த வேகத்திலும் ஓடாவிடில் பியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே போடவேண்டும். பெரிய பியூஸோ கம்பித் துண்டோ போட்டால், பியூஸ் எரிவதற்குப் பதில் வயர் எரியும். தீ விபத்தும் நேரலாம். புதிய பியூஸும் உடனே எரிந்தால் வயரிலோ மோட்டாரிலோ ஷார்ட் உண்டென்று கொள்க.

பியூஸ் நன்றாயிருந்தால், 12 வோல்ட் பல்பு கொண்ட டெஸ்ட் லாம்ப் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, விசிறியை உச்ச வேகத்தில் வையுங்கள். விசிறி மோட்டார் பெரும்பாலும் முன்னிருக்கைப் பயணியின் கால்பக்கம், டேஷ்போர்டின் அடியில் இருக்கும். அதன் இணைப்பியைக் கழற்றி, இரு முனைகளிலும் விளக்கை வையுங்கள். பிரகாசமாக எரிந்தால் மின்சாரம் வந்து சேர்கிறது, கோளாறு மோட்டாரில்தான். எரியாவிடில் விளக்கின் ஒரு முனையை வண்டியின் உலோக உடலில் வைத்து, மறுமுனையால் இணைப்பியைத் தொட்டுப் பாருங்கள். அப்பொழுது எரிந்தால், மின்சாரம் திரும்பும் வழி அறுந்துள்ளது: எர்த் இணைப்பைத் துலக்கி இறுக்கலாம், சில கார்களில் சுவிட்சும் காரணமாகலாம். இரண்டிலும் எரியாவிடில் ரிலே அல்லது சுவிட்சு பழுது.

மோட்டாரின் மேல் மெல்லத் தட்டியவுடன் விசிறி சுழன்றால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். கரகரவென்ற ஒலி எழுந்தால் உள்ளே சருகு புகுந்திருக்கலாம். மரநிழலில் நிற்கும் வண்டிகளில் இது வழக்கம். காற்று மிகக் குறைவாக வந்தால் காற்று வடிகட்டியைக் கழற்றித் தூய்மை செய்க.

பாகங்களைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையை எடுத்துவிடுதல் வேண்டும். மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை, அவற்றைத் தொடலாகாது. கணினி வழியே வெப்பம் கட்டுப்படுத்தப்படும் புதிய கார்களைப் பட்டறையில் விடுவதே நன்று. பழுது நீங்கும்வரை, மலைச்சாலையில் கண்ணாடி மங்கினால் சன்னலைச் சற்றுத் திறந்து, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்து, மெதுவாகச் செல்லுங்கள். அவ்வாறும் பாதை தெரியாவிடில், வளைவில் அல்லாத இடத்தில் சாலையோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, பனி விலகக் காத்திருங்கள்.