தூரம் பாயும் டார்ச்: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

மாணவர்களே, தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள, செங்குத்தான பாதை. விடியலுக்கு முன் இருட்டிலேயே அதில் ஏறத் தொடங்குகிறவர்கள் உண்டு. அப்படி நடப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழும். காலடியில் என்ன இருக்கிறது? தொலைவில், அடுத்த வளைவில் என்ன இருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு விடை காண, ஒளியைத் தூரம் பாய்ச்சும் டார்ச் வேண்டும்.

கடையில் டார்ச் பெட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருப்பது லூமென் எண். அது மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோகலாம்.

லூமெனும் கேண்டெலாவும்

டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவே லூமென். அந்த ஒளி ஒரு குறிப்பிட்ட திசையில் எவ்வளவு செறிவாகச் செல்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. ஒரு சாதாரண மெழுகுவத்தியின் ஒளிச்செறிவு ஏறக்குறைய 1 கேண்டெலா.

செடிக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை விரலால் அழுத்தினால் அதே நீர் தூரமாகப் பீய்ச்சி அடிக்கும். நீரின் அளவு லூமென் போன்றது; பீய்ச்சும் வேகம் கேண்டெலா போன்றது.

தூரத்தைக் கணக்கிடுவோம்

ஒளி பரவப் பரவ மங்கும். தொலைவு 2 மடங்கானால் ஒளி 4 மடங்கு பரப்பில் சிதறும். அதனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். டார்ச்சுகளை அளக்கும் எஃப்.எல்.1 தரநிலை இந்த விதியைப் பயன்படுத்துகிறது. வெளிச்சம் 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடமே அந்த டார்ச் எட்டும் தூரம். கணக்கு எளிது: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை 2-ஆல் பெருக்கினால் தூரம் மீட்டரில் கிடைக்கும்.

1,500 லூமென், 6,400 கேண்டெலா உள்ள டார்ச் 160 மீட்டர் எட்டும். 500 லூமென், 40,000 கேண்டெலா உள்ள டார்ச்சோ 400 மீட்டர் எட்டும். மொத்த ஒளி மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் தூரம் இரண்டரை மடங்கு!

ஒரு எச்சரிக்கை: 0.25 லக்ஸ் என்பது முழுநிலவின் வெளிச்சம் அளவே. பொருள்களைத் தெளிவாகக் காண, பெட்டியில் உள்ள தூரத்தில் பாதியைக் கணக்கில் கொள்ளுங்கள். அங்கே வெளிச்சம் 4 மடங்கு இருக்கும்.

சிறிய டார்ச்சால் முடியுமா?

இயற்பியல் பாடத்தில் வரும் குழியாடியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குவியத்தில் ஒளிமூலத்தை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியேறும். எல்.இ.டி. சில்லு சிறியதாகவும், ஆடி அகலமாகவும் இருந்தால் ஒளிக்கற்றை குறுகும். ஆடியின் விட்டம் 2 மடங்கானால், அதே சில்லு ஏறக்குறைய 4 மடங்கு கேண்டெலா தரும். ஆகவே சட்டைப்பையில் அடங்கும் டார்ச்சுக்கு ஓர் எல்லை உண்டு. சிறியதாகவும் தூரம் பாய்வதாகவும் வேண்டுமென்றால், சிறிய பரப்பில் மிகப் பிரகாசமாக ஒளிரும் சில்லு தேவை. அத்தகைய எல்.இ.டி. தொழிலில் நம் பாயான் லெப்பாசுக்கும் பங்குண்டு.

வாங்குமுன்

குறுகிய கற்றை தூரத்தைக் காட்டும். காலடியில் கிடக்கும் பாம்பையோ பள்ளத்தையோ காட்டாமல் விட்டுவிடலாம். எனவே நடுவில் செறிவான ஒளியும் சுற்றிலும் மெல்லிய ஒளியும் தரும் டார்ச்சே நடைக்கு ஏற்றது. குறைந்த வெளிச்ச நிலையும் இருக்கட்டும். பளீர் ஒளிக்குப் பழகிய கண் இருளுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகலாம்.

பெட்டியில் காணும் எரியும் நேரத்தையும் கவனமாகப் படியுங்கள். தொடக்க வெளிச்சத்தில் 10 விழுக்காடாகக் குறையும் வரையிலான நேரம் அது. முழு வெளிச்சம் அவ்வளவு நேரம் நீடிக்கும் என்று பொருளல்ல. மழைக்குத் தாங்குமா என்பதையும் பாருங்கள். எதிரில் வருபவர் கண்ணில் ஒளியைப் பாய்ச்சாதீர்கள். இருட்டில் நடக்கும்போது பெரியவர்களுடனேயே செல்லுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: 25,600 கேண்டெலா டார்ச் எத்தனை மீட்டர் எட்டும்? அதில் தெளிவாகத் தெரியும் தூரம் எவ்வளவு?

(விடை: 320 மீட்டர், 160 மீட்டர்)