'ஆஃப்' எங்கே உட்காரும்?

'ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்', 'ஸ்விட்ச் த ஃபேன் ஆஃப்' – இதில் எது சரி? ரெண்டுமே சரிதான்! ஆனா ஃபேனுக்குப் பதிலா 'இட்' போட்டால், 'ஸ்விட்ச் இட் ஆஃப்' மட்டும்தான் சரி. 'ஸ்விட்ச் ஆஃப் இட்' என்று எழுதினால் மார்க் போச்சு!

அப்போ 'லுக் அட் இட்' மட்டும் எப்படிச் சரி? 'அட்' ஒரு பிரிபொசிஷன். அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும். 'லுக் த போர்டு அட்' என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கே 'ஆஃப்' என்பது வெர்ப்போடு சேர்ந்த அட்வெர்ப். அதனால் பெயர்ச்சொல்லைத் தாண்டிப் போகும்.

நான் பயன்படுத்தும் வழி இதுதான்: அந்தச் சின்னச் சொல்லைப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் தள்ளிப் பாருங்க. போகுதா? அப்போ இட், ஹிம், ஹெர், தெம் எல்லாம் நடுவில் வரும். போகலையா? கடைசியில் வரும்.

ஞாபகம் வைக்கவும் சுலபம். நாம் 'அதை ஆஃப் பண்ணு' என்றுதானே சொல்றோம்? முதலில் 'அதை', அப்புறம் 'ஆஃப்'. அதே வரிசைதான்!

பயிற்சி: 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' – இதில் 'தெம்' போடுங்க. 'வெயிட் ஃபார் த பஸ்' – இதில் 'இட்' போடுங்க.

விடை: டேக் தெம் ஆஃப், வெயிட் ஃபார் இட்.