பள்ளம் தெரிகிறது, எல்லை தெரிகிறதா?

முற்றி வரும் பார்லி வயலை விமானத்திலிருந்து படமெடுத்தால், இங்கிலாந்தில் சில இடங்களில் நடுவே ஒரு கரும்பச்சைக் கோடு ஓடும். தரையில் நின்று தேடினால் ஒன்றும் அகப்படாது. என்றோ வெட்டிய பள்ளம் தூர்ந்து உழவில் சமமானாலும், அதில் படிந்த மண் ஆழமானது, ஈரம் காப்பது. மழை பொய்த்த கோடையில் மற்ற பயிர் பழுத்துவிட, பள்ளத்தின் மேல் நிற்பது மட்டும் சில நாள் கூடுதலாகப் பச்சை காட்டும். 1976, 2018 வறட்சிகள் உழவரைப் படுத்தின. தொல்லியலாளருக்கோ அவை அமோக விளைச்சல். முதல் உலகப் போரில் விமானப் பார்வையாளராக இருந்த ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு 1928-இல் அலெக்சாண்டர் கெய்லருடன் வெளியிட்ட வெசெக்ஸ் வான்படத் தொகுப்பு இம்முறைக்கு வழிகாட்டியது.

ஆனால் படம் காட்டுவது பள்ளத்தைத்தான். அது ஒரு பாரிஷின், அதாவது தேவாலயப் பங்கின், எல்லைதானா என்பதைக் கோடு மட்டும் சொல்லாது. இரும்புக்கால விவசாயி வெட்டியதும், சென்ற நூற்றாண்டில் தண்ணீர்க் குழாய் பதித்ததும் மேலிருந்து கோடுகள்தாம். ஆகவே கோட்டைவிட அதன் இருபுறத்தையும் கவனிக்க வேண்டும். இடைக்கால உழவின் சால்கள் இருபக்கமும் வந்து கோட்டருகே நின்றுவிட்டால், உழுதவர்கள் அதை எல்லையாக மதித்திருக்கிறார்கள். சால்கள் அதன் மேலேயே ஓடினால் பள்ளம் முன்பே தூர்ந்துவிட்டது. சால்களைப் பள்ளம் அறுத்துச் சென்றால் அது பிந்தியது.

தேவாலய வரியான தசமபாகம் குறித்த சட்டம் வந்த 1836-க்குப் பின் வரைந்த வரைபடங்களிலேயே பாரிஷ் எல்லை இருக்கிறதே, படம் எதற்கு என்று கேட்கலாம். எல்லை அங்கே வெறும் கோடு. பள்ளம் ஒற்றையா இரட்டையா, கோடு பழைய தடத்திலிருந்து விலகியதா என்பதெல்லாம் வயலில்தான் பதிந்திருக்கும். வரைபடமும் வான்படமும் பொருந்தினால் ஐயம் தீர்ந்ததா? இல்லை என்பதற்கு வலுவான சான்று உண்டு. கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள், உருவாகும் முன்பே எழுந்த போக்கர்லி டைக் என்ற அரணின் ஒரு பகுதி இன்றும் டார்செட், ஹாம்ப்ஷயர் எல்லை. இருந்த பள்ளத்தைப் பின்வந்தவர்கள் எல்லையாக எடுத்துக்கொண்டார்கள். வில்ட்ஷயரின் கிழக்கு வான்ஸ்டைக் அரணிலோ, அவ்வளவு பெரிய அகழியையும் பொருட்படுத்தாமல் பாரிஷ்கள் அதன் இருபுறமும் பரவிக் கிடக்கின்றன. ஆக, பொருத்தம் எல்லையை உறுதிசெய்யலாம்; பள்ளத்தின் வயதைச் சொல்லாது. அதற்குக் குறுக்கே தோண்டிப் பார்க்க வேண்டும். ஈரம் எளிதில் வடியாத களிமண்ணிலோ, கோடு விழவில்லை என்பதற்காகப் பள்ளமே இல்லையென்றும் முடிவுகட்ட முடியாது.