எட்டாம் வகுப்பில் திறக்கும் கதவு: கணிதத் தேர்வுகளும் நம் பிள்ளைகளும்



சென்ற ஆண்டு ஒரு நாள், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓர் ஊரின் மஸ்ஜிதில் அஸர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தோம். ஒரு சகோதரர் தம் மகளின் மதிப்பெண் அட்டையைக் கொண்டு வந்து காட்டினார். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. கணக்கில் வகுப்பிலேயே முதல். "ஹஜ்ரத், என்னமோ ஒரு பரீட்சை எழுதினா மாசம் ஆயிரம் ரூபா வருமாமே, நம்ம புள்ளையும் எழுதலாமா?" என்று கேட்டார். விசாரித்தோம். விண்ணப்பம் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. வருமானச் சான்றிதழ் கையில் இல்லாததால் பிள்ளை ஆசிரியரிடம் பேசாமலே இருந்துவிட்டது.

மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் 48,000 ரூபாய். தள்ளுவண்டியில் பழம் விற்கும் ஒரு குடும்பத்தின் கையிலிருந்து அந்தத் தொகை நழுவியது நான்கு நாட்களில். அந்த ஊரில் வாரம் தவறாமல் ஜும்ஆ நடக்கிறது. மிம்பரிலிருந்தோ அறிவிப்புப் பலகையிலிருந்தோ இதை ஒரு வரி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, நமக்கும்தான். அந்த வருத்தமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அந்தத் தேர்வின் பெயர் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. பள்ளிகளில் சுருக்கமாக என்எம்எம்எஸ் என்பார்கள். ஒன்றிய அரசு 2008இல் தொடங்கிய திட்டம். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்புப் படிக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகக் கூடாது. தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே ஏறும்.

தேர்வில் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். ஒன்று பாடப்பகுதி. மற்றொன்று மனத்திறன்: எண் தொடர்கள், விடுபட்ட எண், உருவங்களின் ஒழுங்கு, திசை, உறவுமுறைக் கணக்குகள். நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இரண்டாவதில்தான். பாடப் புத்தகத்தில் இது நேரடியாக இல்லை. ஆனால் மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் பழகிவிடும். வினாத்தாள் தமிழிலேயே உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே ஒரு வினாவையும் காலியாக விட்டு வரக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும். அதற்கு ஓரிரு மாதங்கள் முன்பே தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பித்தாக வேண்டும். ஆகவே ஆயுத பூஜை விடுமுறையிலேயே தாள்களைச் சேர்த்து வைப்பது நல்லது. வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நகர்ந்து வருவதற்கு நாட்கள் பிடிக்கும். சாதிச் சான்றும் வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி முஸ்லிம், ஷேக், சையத், அன்சார், துதேகுலா, மாப்பிள்ளா என்று பெயர்கள் தனித்தனியே உள்ளன. வீட்டில் "நாங்க முஸ்லிம்" என்று சொல்வதோடு காரியம் முடியாது; தகப்பனார் சான்றில் எது உள்ளதோ அதுவே பிள்ளைக்கும் வர வேண்டும்.

இன்னொரு தொல்லை பெயர். ஆதாரில் "முகமது", பள்ளிப் பதிவேட்டில் "முஹம்மத்", வங்கிக் கணக்கில் "மொஹமத்". நமக்கு மூன்றும் ஒன்றே. கணினிக்கு மூன்று ஆட்கள். தேர்ச்சி பெற்ற பிறகும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அங்கே பெயர் பொருந்தாவிட்டால் தொகை நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் பொதுவாக 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றாம் வகுப்பில் தொடரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தத் தொகையின் அருமை இப்போது கூடியிருக்கிறது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கிடைத்து வந்த மெட்ரிக் முந்தைய உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022 நவம்பரில் நிறுத்திவிட்டது. அதை எதிர்த்துப் பேச வேண்டியது அவசியம். பேசிக்கொண்டிருக்கும்போதே, கையில் இருப்பதையும் தவறவிடக் கூடாது.

ஒன்றைக் கவனித்தீர்களா? தனியார் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்எம்எம்எஸ் கிடையாது. கடன் வாங்கி, நகை வைத்து ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்த பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானதே. அதில் 500 மாணவர்கள், 500 மாணவியர் தேர்வாகிறார்கள். ஆண்டுக்கு 10,000 ரூபாய் வீதம் இளநிலைப் பட்டம் முடியும் வரை கிடைக்கும். அதன் முதல் தாள் முழுக்கக் கணிதம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகம்தான் பாடம். அரசுப் பள்ளியைக் கேவலமாக நினைப்பதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உள்ளது. டிரஸ்ட் தேர்வு என்று சொல்வது இதைத்தான். கிராம, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும். வருமான வரம்பு ஒரு லட்சம். தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான், சிறிது. ஆனால் வருவாய் மாவட்டம் ஒன்றுக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று இடங்கள் உண்டு. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதுவரை விழுப்புரத்தோடு சேர்ந்து போட்டியிட்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போது தனிப் பட்டியல். பழைய ஆட்கள் இன்றும் சொல்லும் தேசியத் திறனாய்வுத் தேர்வான என்டிஎஸ்இ 2021க்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அதற்குப் பயிற்சி என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நமக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. புளி, கடுக்காய், மரவள்ளி வியாபாரத்துக்கு மலையேறி இறங்கும் நம்மவர்களுக்கு அங்குள்ள பாதைகளும் பள்ளிகளும் தெரியும். வெள்ளிமலையில் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது; அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. அதே மலைத்தொடரின் சேலம் மாவட்டப் பக்கம், கருமந்துறையைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் 2025இல் ஜேஇஇ தேர்வில் வென்று சென்னை ஐஐடிக்குள் நுழையும் தகுதி பெற்றார். தகப்பனாரை இழந்த பிள்ளை. படித்தது அரசு உண்டு உறைவிடப் பள்ளி. பேருந்து கூட நேரத்துக்கு வராத மலையிலிருந்து ஒரு பிள்ளை போக முடிகிறது. கடைத்தெருவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு என்ன தடை என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உதவித்தொகைத் தேர்வுகளுக்கு அப்பால், கணக்கின் மேல் காதல் கொண்ட பிள்ளைகளுக்கு வேறொரு பாதை உண்டு. சென்னையில் 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் ஐந்தாம் வகுப்பு முதலே திறன் போட்டி நடத்துகிறது. நிலைகளுக்குக் காஸ், காப்ரேகர், பாஸ்கரா, ராமானுஜன் என்று பெயர். காப்ரேகர் மகாராஷ்டிரத்தில் ஒரு சாதாரணப் பள்ளி ஆசிரியர். அவர் கண்டதை இன்றிரவு வீட்டில் செய்து பாருங்கள். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண் ஒன்று, உதாரணமாக 3524. இலக்கங்களை இறங்கு வரிசையில் 5432, ஏறு வரிசையில் 2345, கழித்தால் 3087. அதையே திரும்பச் செய்தால் 8730லிருந்து 378 போக 8352. மீண்டும் 8532லிருந்து 2358 போக 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இங்கே வந்துவிடும். கைப்பேசியைக் கேட்டு அழும் பிள்ளை அரை மணி நேரம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

நாட்டின் அதிகாரப்பூர்வமான கணித ஒலிம்பியாட் ஒன்றே. அதன் முதல் படி ஐஓக்யூஎம். எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதலாம். அண்மை ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்து ஞாயிறுகளில் நடக்கிறது. மூன்று மணி நேரம், 30 வினாக்கள், ஒவ்வொரு விடையும் 99க்கு மிகாத ஒரு முழு எண். அடுத்து மண்டல ஒலிம்பியாட், பிறகு தேசிய ஒலிம்பியாட், பயிற்சி முகாம், கடைசியில் ஆறு பேர் கொண்ட இந்திய அணி. 1989 முதல் இந்தியா கலந்துகொள்கிறது. 2024இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நான்கு தங்கத்தோடு நான்காம் இடம் பெற்றது. பெண் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் இடங்கள் உண்டு. அவர்களுக்கென்றே நடக்கும் ஐரோப்பிய ஒலிம்பியாடுக்கும் 2015 முதல் இந்திய அணி செல்கிறது. ஈரானின் மர்யம் மிர்ஸாகானி 1994, 1995 ஆண்டுகளில் சர்வதேச ஒலிம்பியாடில் தங்கம் வென்றவர்; 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்மணி.

"ஒலிம்பியாட்" என்ற பெயரைத் தனியார் நிறுவனங்களும் தாராளமாக வைத்துக்கொள்கின்றன. கட்டணம், சான்றிதழ், வகுப்புக்கு வகுப்பு பதக்கம். பயிற்சியாக எழுதுவதில் தவறில்லை. ஆனால் அவை இந்திய அணிக்குக் கொண்டு போகும் படிகள் அல்ல. பரிசு விஷயத்தில் மார்க்கச் சட்டமும் சிலர் கேட்கிறார்கள். பரிசை அரசோ வேறொரு புரவலரோ கொடுத்தால் ஆட்சேபம் இல்லை. கலந்துகொள்பவர்களின் பணத்தையே திரட்டி வென்றவரிடம் கொடுக்கும் ஏற்பாட்டில் சூதாட்டத்தின் சாயல் வந்துவிடுகிறது. அப்படிப்பட்டதில் சேர்க்கும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேளுங்கள்.

"உலகக் கல்விதானே" என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதரஸாவில் சிராஜி ஓதியவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமல்ல. வாரிசுரிமைப் பங்குகளைப் பிரிக்க, இரண்டு எண்களுக்கிடையே நான்கு உறவுகளைக் கற்றோம்: தமாஸுல், ததாகுல், தவாஃபுக், தபாயுன். சமம், ஒன்று மற்றொன்றை மீதியின்றி வகுப்பது, பொதுக் காரணி உள்ளது, பொதுக் காரணி இல்லாதது. ஒலிம்பியாடில் எண் கோட்பாடு என்று கேட்பதன் வாசற்படி இதுவே.

ஒருவர் இறக்கிறார், மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று. எட்டுக்கும் ஆறுக்கும் இரண்டு பொது; ஆகவே 24 பங்கு. மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4. கூட்டினால் 27! இருப்பது 24, கேட்பது 27. இங்கே அவ்ல் என்ற முறைப்படி சொத்தை 27 பங்காக்கி, எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைக்கிறோம். சொத்து 27 லட்சம் என்றால் மனைவிக்கு 3, மகளுக்கு 8 வீதம், பெற்றோருக்கு 4 வீதம். அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றிருந்தபோது இது கேட்கப்பட, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று நின்ற இடத்திலேயே விடை தந்ததாக ஃபராயிழ் நூல்கள் சொல்கின்றன. மிம்பரிய்யா என்றே இதற்குப் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலிலும் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே.

அதே 24ஐ வைத்து ஐஓக்யூஎம் பாணியில் ஒரு வினா: ஓர் எண்ணை 6ஆல் வகுத்தால் மீதி 5, 8ஆல் வகுத்தால் மீதி 7, மிகச் சிறிய அந்த எண் எது? ஒன்றைக் கூட்டினால் இரண்டாலும் வகுபடும் என்று பிள்ளை கண்டுகொண்டால் விடை 23 உடனே வந்துவிடும்.

முதலில் சொன்ன அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. என்எம்எம்எஸ் போய்விட்டது, பள்ளி பேரூராட்சிப் பகுதியில் இருப்பதால் டிரஸ்ட் தேர்வு எழுதலாம், வருமானச் சான்றுக்குத் தகப்பனார் ஜூலையிலேயே விண்ணப்பித்துவிட்டார். அந்த மஸ்ஜிதின் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை முஅத்தின் எழுதி வைத்திருக்கிறார். இந்த ஆண்டு பதினொரு பேர். அதில் ஏழு பேருக்குச் சான்றிதழ்கள் வந்துவிட்டன.