மாதக் கடைசி மாத்திரைக்கு எந்த பாலிசி?

அப்பாவுக்கு சுகர் மாத்திரை, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, குழந்தைக்கு மாதம் ஒரு காய்ச்சல். ஒரு சாதாரணக் குடும்பத்தின் மருத்துவச் செலவு பெரும்பாலும் இவ்வளவுதான். மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் வீட்டிலும் இது கைக்காசுதான். பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்தான் பணம். ஏற்கெனவே உள்ள நோய் என்றால், அதற்கும் 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். பெரிய ஆபரேஷன் என்று வந்தால் காப்பீடு வேண்டும்தான். ஆனால், அன்றாட வைத்தியத்துக்கு வழி வேறு.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் பலருக்கு, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். குடும்பத்துக்கே வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் இதில் உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருப்பதைப் பார்த்தும், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி பக்கமே போகாமல் தனியார் கிளினிக்கில் காசு கொடுப்பவர்கள் எத்தனையோ பேர்!

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கூலி வேலைக்குப் போகிறவருக்குக் காலை ஓ.பி. வரிசை அரை நாள் கூலியைத் தின்றுவிடும் என்பது உண்மை. அவர்களுக்காகத்தான் நகரங்களில் நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் இரவு 8 வரையும் இயங்குகின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சுகர், பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது.

கடையில்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு மத்திய அரசின் ஜன் ஔஷதி மலிவு விலை மருந்துக் கடைகள் உள்ளன. 2025 பிப்ரவரியில் தமிழக அரசின் 1,000 முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்றவை அங்கே மூலப்பெயரில், பிராண்ட் விலையைவிட மிகக் குறைவாகக் கிடைக்கும்.

இவ்வளவு வழி இருந்தும் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்களே, அதுதான் நெஞ்சை அழுத்துகிறது. மாதக் கடைசியில் கையில் காசில்லை என்றால் முதலில் நிற்பது பி.பி. மாத்திரை. ஒரு வாரம் போடாவிட்டாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. "இப்போ நல்லாத்தான் இருக்கேன்" என்று அடுத்த மாதமும் விடுவார்கள். இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கி, அட்டையை இன்னும் பத்து நாளைக்கு இழுப்பவர்களும் உண்டு. ரத்தக்கொதிப்பு இதற்குள் மூளையின் ரத்தக் குழாயையும் சிறுநீரகத்தையும் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும். பக்கவாதம் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பாலிசி அட்டையைத் தேடி என்ன பயன்? வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர் வேலைக்கு எப்போது போவார், வீட்டு வாடகையை யார் கொடுப்பார்?

மாத்திரை கட்டுப்படியாகவில்லை என்பதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால், மருந்தின் மூலப்பெயரையும் தெளிவாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சீட்டோடு மலிவு மருந்தகத்தில் வாங்கி, முதல் முறை மாத்திரை அட்டையை டாக்டரிடமோ சுகாதார நிலையத்து நர்ஸிடமோ காட்டிவிட்டுப் போடுங்கள்.