நட்டை மாட்டிவிட்டு வெட்டு

பைப்பைத் தொங்கவிட, கேபிள் ட்ரே மாட்ட, ஏசி டக்டைப் பிடித்து நிறுத்த என்று கட்டட வேலையில் எங்கு பார்த்தாலும் த்ரெட் ராட்தான். நுனி முதல் நுனி வரை மரை போட்ட கம்பி. கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி, வேண்டிய நீளத்துக்கு நாம் வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டுவது இரண்டு நிமிட வேலை. வெட்டிய முனையில் நட்டு ஏறாமல் அடம்பிடித்தால்தான் அரை மணி நேரம் போய்விடும்.

ஏன் ஏறுவதில்லை? அடுக்கு வளையங்கள் போலத் தெரிந்தாலும் மரை என்பது ஒரே ஒரு பள்ளம். மலைப்பாதை போலக் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. சாதாரண எம்10 கம்பியில் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் 1.5 மி.மீ. நகரும். பள்ளத்தின் ஆழம் 1 மி.மீட்டரைக்கூடத் தொடாது. வெட்டிய முனைதான் இந்தப் பாதையின் வாசல். அங்கே ஒரு பிசிறு மடிந்து பள்ளத்தில் விழுந்தால் போதும். அதற்குப் பின்னால் முழு நீளமும் பழுதில்லாமல் இருந்தும் பயனில்லை. வம்படியாகத் திருகினால் நட்டு கோணலாக ஏறி, நல்ல மரையையும் தின்றுவிடும்.

இதற்கு ஃபிட்டர்கள் செய்வது எளிய வேலை. வெட்டுவதற்கு முன்பே, நமக்கு வேண்டிய துண்டின் பக்கம், குறி போட்ட இடத்தை ஒட்டி இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று இறுக்கிவிடுவார்கள். வைஸில் பிடிப்பது அந்த நட்டுகளைத்தான். வைஸின் பற்கள் மரையைத் தொடுவதே இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. மரை சுமார் 3 டிகிரி சாய்ந்து ஓடுவதால், ஆக்சா பிளேடு அந்தப் பள்ளத்தில் விழுந்து கோணலாக இழுக்கும். நட்டின் முகத்தை ஒட்டி அறுத்தால் வெட்டு நேராக இறங்கும். அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல் உள்ள பிளேடு நல்லது; கம்பி துண்டாகும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

அறுத்ததும் அரத்தைச் சாய்த்துப் பிடித்து, முனையைச் சுற்றிலும் ஒரு மரை அளவுக்குச் சரிவாக ராவ வேண்டும். பிறகு நட்டைக் கழற்றுங்கள். கடைசிச் சுற்றில் கரகரவென்று பிடிக்கும். அரைச் சுற்றுப் பின்னால், கொஞ்சம் முன்னால் என்று ஆட்டி ஆட்டி எடுத்தால், மிச்சப் பிசிறை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெளியிலிருந்து வரும் நட்டு வாசலைத் தேட வேண்டும்; உள்ளிருந்து வரும் நட்டோ ஏற்கெனவே பாதையில்தான் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது அவசியம். இல்லாவிட்டால் நட்டும் கம்பியும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் போட்டால் நொடியில் வேலை முடியும். ஆனால் சூட்டில் துத்தநாகப் பூச்சு கருகும், பிசிறும் அதிகம். கண்ணாடி போடாமல் தொடக்கூடாது. நூற்றுக்கணக்கில் வெட்டுபவர்களுக்கென்றே ராட் கட்டர் இருக்கிறது. அதன் டையிலேயே மரை உண்டு. கம்பியின் மரையோடு பொருந்தி உட்கார்ந்து, கத்தரிபோல் துண்டித்துவிடும். ஒவ்வொரு அளவுக்கும் தனி டை வேண்டும்.

மீதித் துண்டை மறந்துவிடாதீர்கள். அதற்கும் ஒரு வெட்டு முனை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் குறியின் அந்தப் பக்கமும் ஒரு நட்டை ஏற்றிவிட்டுத்தான் பிளேடைக் கையில் எடுப்பார்கள்.